ஒருத்தியின் தகுதி, ஒன்பது பேரின் படகு: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் துடுப்புப் படகு அணியில் சேர்வோருக்கு

எய்ட் எனப்படும் பெரிய படகில் துடுப்பு வலிப்பவர்கள் எட்டுப் பேர். சுக்கானைப் பிடித்துக் குரல் கொடுக்கும் காக்ஸ் ஒருவர். இந்த ஒன்பது பேரில் ஒருத்தியின் தகுதியில் குறை இருந்தால் அந்தப் பந்தயத்தில் மற்ற எட்டுப் பேர் உழைத்ததும் செல்லாமல் போய்விடும். நூறு மீட்டர் ஓட்டத்தில் தகுதியிழந்தவர் தன் இடத்தை மட்டும் இழப்பார். படகில் அப்படிப் பிரிக்க முடியாது. அதனால்தான் தகுதி விஷயத்தை அணியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

இந்தக் கட்டுரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் துடுப்புப் படகு அணியில் சேர நினைக்கும் மாணவிகளுக்கானது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களாக இருக்கலாம், அங்கேயே வளர்ந்தவர்களாகவும் இருக்கலாம். படகையே தொட்டதில்லை என்றாலும் தயங்க வேண்டாம். பள்ளியில் கூடைப்பந்து, நீச்சல், ஓட்டம் என்று இருந்துவிட்டு முதலாண்டில் நேராக வந்து சேர்கிறவர்களை அங்கே வாக்-ஆன் என்பார்கள். புதியவர்களை இத்தனை தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி விளையாட்டு வேறு அதிகம் இல்லை.

முதலில்: எந்த விதிப்புத்தகம் உங்களுடையது?

நீங்கள் சேரப்போவது பல்கலைக்கழகத்தின் வார்சிட்டி அணியா, மாணவர்களே நடத்தும் கிளப் அணியா என்று கேளுங்கள். வார்சிட்டி என்றால் பெரும்பாலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிகள். கிளப் என்றால் என்சிஏஏவின் தகுதிச் சான்று தேவையில்லை. ஏசிஆர்ஏ என்ற தனி அமைப்பு கிளப் அணிகளுக்கான தேசியப் போட்டியை நடத்துகிறது. ஆண்கள் துடுப்புப் படகு என்சிஏஏவின் கீழ் வருவதே இல்லை. ஆகவே ஆண்கள் அணியில் இருக்கும் அண்ணனோ நண்பனோ சொல்லும் விதி உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பெண்களுக்கான என்சிஏஏ சாம்பியன்ஷிப் 1997-இல் தொடங்கியது. என்சிஏஏவின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவில் இப்போது 22 பல்கலைக்கழகங்கள் போட்டியிடுகின்றன. ஒவ்வொன்றும் மூன்று படகுகளை இறக்க வேண்டும்: முதல் எய்ட், இரண்டாம் எய்ட், நால்வர் படகு. தூரம் 2000 மீட்டர். மூன்று படகுகளின் புள்ளிகளையும் கூட்டித்தான் பட்டம் தருகிறார்கள். முதல் எய்ட் வென்றால் 66, இரண்டாவது எய்ட் வென்றால் 44, நால்வர் படகு வென்றால் 22. மொத்தம் 132. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2017-இல் மூன்றையும் வென்று அந்த 132-ஐ முழுசாக எடுத்தது. நால்வர் படகில் ஒருத்திக்குத் தகுதிச் சிக்கல் வந்தாலும் பட்டம் கைநழுவலாம் என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும்.

தகுதி என்றாலே பாலினச் சர்ச்சை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் போட் ரேஸில் 2025-இல் வெடித்த தகராறு முற்றிலும் வேறு. ஆசிரியர் பயிற்சிப் படிப்பான பிஜிசிஇ படிப்பவர்கள் பட்டப்படிப்பு மாணவர்கள் ஆகமாட்டார்கள் என்று முடிவாகி, கேம்பிரிட்ஜின் பெண்கள் அணியிலும் ஆண்கள் அணியிலும் சிலர் படகேற முடியாமல் போனது. என்ன படிக்கிறீர்கள் என்பதும் தகுதிதான்.

காகித வேலை

பள்ளியின் கடைசி ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

1. என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் கணக்குத் தொடங்குங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் சான்றிதழ்களும் வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

2. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் தேவை: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, இன்னும் 4 கூடுதல் பாடங்கள். இவற்றில் சராசரி, 4-க்கு 2.3-க்குக் குறையக் கூடாது. எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணை என்சிஏஏ 2023 முதல் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்காகக் கேட்டால் அது தனி விஷயம்.

3. நீங்கள் தொழில்முறை வீராங்கனை அல்ல என்பதற்கான கேள்விகளுக்கு முழுதாகப் பதில் எழுதுங்கள். பரிசுப் பணம், ஒப்பந்தம், அரசு தந்த ஊக்கத்தொகை எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டில் பதக்கம் வென்றவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை தருவது வழக்கம். வாங்கியிருந்தால் ஆணையின் நகலோடு சொல்லிவிடுங்கள். வாங்கியதைச் சொன்னால் அதைப் பரிசீலிக்க வழி உண்டு. மறைத்தது பின்னால் தெரியவந்தால் விவகாரம் நேர்மையைப் பற்றியதாகிவிடும், அதைச் சரிசெய்வது கடினம்.

4. உடற்பரிசோதனை. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உண்டா என்ற சோதனை முடிவும் கேட்பார்கள். ஆஸ்துமாவுக்கோ ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறுக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரின் முழு ஆவணத்தை முதல் நாளே கொடுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோகும் லேகியம், சூரணம், சத்துமாவு டப்பா எதுவாக இருந்தாலும் சாப்பிடுவதற்கு முன் அணியின் மருத்துவ உதவியாளரிடம் காட்டிக் கேளுங்கள். உடல்திறன் கூட்டும் தடைப்பொருள் ஒருமுறை சிக்கினால் ஓராண்டு போய்விடும். தெரியாமல் சாப்பிட்டேன் என்ற விளக்கம் பெரும்பாலும் எடுபடாது.

5. நீச்சல் சோதனை. பெரும்பாலான அணிகள் வைக்கின்றன. நீச்சல் தெரியாவிட்டால் கிளம்புவதற்கு முன் ஊரிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. நான்கு பருவங்கள் போட்டியிட ஐந்தாண்டுகள் என்பது கணக்கு. அந்த ஐந்தாண்டுக் கடிகாரம் உலகில் எந்தக் கல்லூரியில் முதன்முதலாக முழுநேரமாகச் சேர்ந்தீர்களோ அன்றே ஓடத் தொடங்கிவிடும். கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு செமஸ்டர் படித்துவிட்டு, பிடிக்காமல் விட்டுவிட்டு அமெரிக்கா போனாலும் அந்த நாட்கள் கணக்கில் சேரும். பள்ளி முடித்து ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் அமைப்பு சார்ந்த பந்தயங்களில் கலந்துகொண்டால் பருவங்கள் குறையவும் வாய்ப்புண்டு. தேதிகளை ஒரு தாளில் எழுதி, விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பயிற்சியாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருக்கக் கூடாது. அவர் பொய் சொல்வார் என்பதற்காக அல்ல, முடிவெடுக்கும் இடம் அவருடையது அல்ல என்பதற்காக.

சேர்ந்த பிறகும் செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாட அலகு) முழுநேரப் படிப்பு, அதில் குறைந்தது 6 தேர்ச்சி. மூன்றாமாண்டு தொடங்கும் முன் பட்டத்தில் 40 விழுக்காடு, நான்காமாண்டுக்கு முன் 60, ஐந்தாமாண்டுக்கு முன் 80 முடித்திருக்க வேண்டும். இரண்டாமாண்டில் படிப்புத் துறையை மாற்றுகிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். பழைய துறையில் எடுத்த பாடங்கள் புதிய பட்டத்துக்குச் சேராமல் போகும். துறை மாற்றும் முன் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் விளம்பர வருமானத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க என்சிஏஏ 2021 முதல் அனுமதிக்கிறது. விசா விதி அனுமதிக்கிறதா என்பது வேறு கேள்வி. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

பெண்கள் பிரிவில் யார்?

2000 மீட்டரில் உலகத்தர ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான நேர வித்தியாசம் ஏறக்குறைய 10 விழுக்காடு. உயரம், கை நீளம், இதயம், நுரையீரலின் அளவு, தசை எல்லாமே படகில் நேரடியாக வேகமாக மாறுகின்றன. பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பிரிவின் எல்லையை எப்படி வரைவது என்பதில் அமைப்புகள் வேறு வேறு முடிவெடுத்திருக்கின்றன, சில ஆண்டுகளுக்குள் மாற்றியும் இருக்கின்றன.

என்சிஏஏ 2010-இல் வகுத்த விதிப்படி, ஓராண்டு டெஸ்டோஸ்டிரோன் குறைப்புச் சிகிச்சை எடுத்த திருநங்கை மாணவி பெண்கள் அணியில் போட்டியிடலாம். 2022-இல் ஒவ்வொரு விளையாட்டின் தேசிய, உலக அமைப்பின் அளவுகோலைப் பின்பற்றுவது என்று மாற்றினார்கள். 2025 பிப்ரவரி 5-இல் அமெரிக்க அதிபரின் ஆணை வந்தது. மறுநாளே என்சிஏஏ விதி மீண்டும் மாறியது. இப்போது பெண்கள் பிரிவில் போட்டியிடப் பிறப்பில் பெண் என்று பதிவானவர்களுக்கு மட்டுமே அனுமதி. பிறப்பில் ஆண் என்று பதிவானவர்கள் பெண்கள் அணியோடு பயிற்சி செய்யலாம், பந்தயத்தில் இறங்க முடியாது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தொடங்கிய திருநம்பியும் பெண்கள் அணியோடு பயிற்சி செய்யலாம், பந்தயத்தில் இறங்கினால் அந்த அணி பெண்கள் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி இழக்கும்.

பிரிட்டிஷ் ரோயிங் அமைப்பு 2023 செப்டம்பரிலேயே பெண்கள் பிரிவைப் பிறப்பில் பெண் என்று பதிவானவர்களுக்கு என்று வரையறுத்து, மற்றவர்களுக்கு ஓப்பன் பிரிவை வைத்தது. அதே 2023-இல் உலக அமைப்பான வேர்ல்ட் ரோயிங் வேறு வழியில் போனது: லிட்டருக்கு 2.5 நானோமோலுக்குக் கீழே டெஸ்டோஸ்டிரோன், தொடர்ந்து 24 மாதம். ஒரே ஆண்டில், ஒரே விளையாட்டில் இரண்டு விதிகள். ஆகவே எந்தப் பந்தயம், எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று கேட்காமல் இந்த விஷயத்தில் பதில் சொல்லவே முடியாது.

இது உங்களைத் தொடும் விஷயமாக இருந்தால் அணியில் சேரும் முன்பே கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் தனியாகப் பேசுங்கள். உங்கள் மருத்துவ விவரம் பயிற்சியாளருக்கோ அணிக்கோ தெரிய வேண்டுமா, யாருக்குத் தெரியும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். உங்களைத் தொடாத விஷயம் என்றால் செய்ய வேண்டியது இன்னும் எளிது: உடன் துடுப்பு வலிக்கும் பெண்ணின் தோள் அகலத்தையோ குரலையோ வைத்துப் படகுத்துறையில் பேச்சு கிளப்பாதீர்கள். உயரமான, பலமான பெண்களைத் தேடித் தேடிச் சேர்க்கும் விளையாட்டு இது. விதி பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். அதைச் சொல்ல விதி வகுக்கும் இடங்கள் உண்டு. ஒரு மாணவியின் உடல் அந்த விவாதத்துக்கான இடம் அல்ல.

எடை

பெண்கள் படகின் காக்ஸுக்குக் குறைந்தபட்ச எடை 110 பவுண்டு, ஏறக்குறைய 50 கிலோ. குறைந்தால் மணல் பை போன்ற பாரத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 110-க்குக் கீழே பட்டினி கிடப்பதில் காக்ஸுக்கு ஒரு பயனும் இல்லை. வேர்ல்ட் ரோயிங் பந்தயங்களில் 2017 முதல் காக்ஸ் எந்தப் பாலினத்தவராகவும் இருக்கலாம். கல்லூரியிலும் அப்படியே என்று எண்ணிவிடாதீர்கள்.

லைட்வெயிட் என்ற எடை குறைந்தோர் பிரிவு என்சிஏஏ சாம்பியன்ஷிப்பில் கிடையாது. அதை நடத்தும் சில பல்கலைக்கழகங்களில் உச்சவரம்பு 130 பவுண்டு, அதாவது 59 கிலோ. உங்கள் இயல்பான எடை 57, 58 என்றால் யோசிக்கலாம். 64 கிலோவிலிருந்து இறங்கித்தான் அதில் சேர வேண்டும் என்றால் வேண்டாம். மாதவிலக்கு நின்றுபோவதும், விலா எலும்பில் விரிசல் விழுவதும், சாப்பிடாமல் வலிக்கிறவர்களுக்கு அடிக்கடி நேர்வது.

இருக்கை எப்படிக் கிடைக்கிறது

தகுதி பெற்றுவிட்டீர்கள். இனி நியாயம் பற்றிய கேள்வி படகுக்குள் வருகிறது. எட்டு இருக்கைக்கு முப்பது பேர் காத்திருக்கிறார்கள்.

முதல் அளவுகோல் எர்க் எனப்படும் துடுப்புப் பயிற்சி எந்திரம். 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்ற வேகத்தில் 2000 மீட்டர் வலித்தால் 8 நிமிடம், அதற்கு ஏறக்குறைய 202 வாட் சக்தி வேண்டும். 7 நிமிடம் 30 நொடியில் முடிக்க 246 வாட். நேரத்தில் 6 விழுக்காடு குறைக்க, சக்தியில் 21 விழுக்காட்டுக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கிறது. புதியவர்கள் முதல் மாதங்களில் வேகமாக முன்னேறி, பிறகு அசையாமல் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மனம் தளர வேண்டாம்.

எர்க்கில் நியாயம் கெடும் இடம் சிறியது, கண்ணுக்கும் தெரியாது. விசிறிக் கூண்டின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண்கள் கொண்ட நெம்புகோல் இருக்கும். எல்லோரும் 4-இல் வைத்தால் எல்லோருக்கும் ஒரே எந்திரம் என்று நினைப்போம். அப்படி இல்லை. கூண்டில் தூசி அடைந்திருந்தால் காற்று குறைவாகப் போகும், அதே 4-இல் இழுவை குறையும். திரையில் இழுவையின் அளவைக் காட்டும் டிராக் ஃபேக்டர் என்ற எண்ணைப் பார்த்து, பயிற்சியாளர் சொன்ன எண்ணுக்கு வரும்வரை நெம்புகோலை நகர்த்த வேண்டும். சோதனை நாளில் முதல் வேலை இது.

எர்க் உங்கள் உடல் எடையைச் சுமப்பதில்லை, படகு சுமக்கிறது. அதனால் பல அணிகள் எடைத் திருத்தம் செய்கின்றன: பவுண்டில் உங்கள் எடையை 270-ஆல் வகுத்து, 0.222 அடுக்குக்கு உயர்த்தி, நேரத்தோடு பெருக்குவது. 75 கிலோ பெண் 7:25-இல் முடித்தால் திருத்திய நேரம் ஏறக்குறைய 6:39. 60 கிலோ பெண் 7:40-இல் முடித்தால் 6:33. எந்திரத்தில் 15 நொடி பின்தங்கியவர் படகுக் கணக்கில் முன்னால் வருகிறார். உங்கள் அணி எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று பருவத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

அடுத்தது சீட் ரேஸ். இரண்டு நால்வர் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 28 வலிப்பு என்பதுபோல் ஒரு வரம்பு உண்டு. முதல் ஓட்டத்தில் முதல் படகு 2.0 நொடி முந்துகிறது. படகுகளை ஒட்டி நிறுத்தி, இரண்டிலும் ஒரே இருக்கையில் இருக்கும் இருவரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். அடுத்த ஓட்டத்தில் இரண்டாம் படகு 1.5 நொடி முந்துகிறது. மாறியது 3.5 நொடி. முதல் படகிலிருந்து இரண்டாவதுக்குப் போனவர் வென்றார். பலரும் "மூன்றரை நொடி வித்தியாசத்தில்" என்பார்கள். உண்மையில் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் அதில் பாதி, 1.75 நொடி. ஒருத்தி போனதில் ஒரு படகு இழந்ததையும் மற்றது பெற்றதையும் சேர்த்தே அந்த 3.5 வருகிறது.

இது கெடும் வழிகள் பல. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே காற்று திரும்பிவிடும். ஒரு தடத்தில் நீரோட்டம் சாதகமாக இருக்கும். மோட்டார் படகின் அலை ஒரு பக்கம் அடிக்கும். ஒரு காக்ஸ் வரம்பை மீறி 30-க்கு ஏற்றிவிடுவார். மற்ற மூவர் களைத்திருப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தோழிக்காக ஒரு ஓட்டத்தில் முழுதாகவும் மறு ஓட்டத்தில் கொஞ்சம் குறைவாகவும் வலிப்பது. அதைச் செய்யாதீர்கள், கேட்டாலும் மறுத்துவிடுங்கள். நல்ல பயிற்சியாளர்கள் இருவரையும் திரும்பப் பழைய இடத்துக்கு மாற்றி மூன்றாவது ஓட்டம் விடுவார்கள். முதல் ஓட்டத்தின் 2.0 நொடி திரும்ப வந்தால் முடிவு நம்பத்தக்கது. வராவிட்டால் காற்றோ களைப்போ புகுந்துவிட்டது. மொத்தம் எத்தனை ஓட்டம், யார் யார் மாறுவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

தோற்றால் எண்களைக் கேட்டு வாங்கலாம். "ஏன் என்னை எடுக்கவில்லை" என்பதைவிட "இரண்டு ஓட்டங்களின் வித்தியாசம் எவ்வளவு, வலிப்பு எண்ணிக்கை எவ்வளவு" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

பெயர்ப் பட்டியலில் இருப்பதும் படகில் இருப்பதும்

1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. 1976 மார்ச்சில் யேல் பல்கலைக்கழகத்தின் பெண்கள் படகு அணியினர் 19 பேர், கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில், உடலில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டு விளையாட்டுத் துறை அலுவலகத்தில் போய் நின்றார்கள். படகுத்துறையில் பெண்களுக்குக் குளியலறை இல்லை. பனிக்காலப் பயிற்சி முடிந்து, ஆண்கள் வெந்நீரில் குளித்து முடிக்கும்வரை ஈர உடையோடு பேருந்தில் காத்திருந்தார்கள். இன்று உங்களுக்கு ஓர் அறை, ஒரு பூட்டு, ஒரு வெந்நீர்க் குழாய் இருக்கிறதென்றால் அதில் அவர்களுக்குப் பங்குண்டு.

அந்தச் சட்டத்தின் இன்னொரு விளைவு, பெரிய பெண்கள் படகு அணிகள். அமெரிக்கக் கால்பந்துக்கு நூறு ஆண்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகம் பெண்கள் எண்ணிக்கையை ஈடுகட்ட வேண்டும். படகு அணியில் நிறையப் பேரைச் சேர்க்கலாம். வாக்-ஆன்களுக்குக் கதவு திறந்ததும் இதனால்தான். ஆனால் சாம்பியன்ஷிப்பில் இறங்கும் மூன்று படகுகளிலும் காக்ஸ்களையும் சேர்த்து இருப்பது 23 இருக்கைகள். பட்டியலில் எழுபது, எண்பது பேர் இருந்தால் மற்றவர்கள் எங்கே என்று கேட்க வேண்டும். மூன்றாம் எய்ட், இரண்டாம் நால்வர், புதியவர் எய்ட் என்று அவர்களுக்கும் பந்தயங்கள் இருந்தால் அது உண்மையான அணி. கணக்குக் காட்ட மட்டும் பெயர்கள் இருந்தால், அது அந்தப் பெண்களின் வாய்ப்பைத் திருடுவது.

கல்லூரி வீரர்கள் என்சிஏஏமீது தொடுத்த வழக்கில் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்ற ஹவுஸ் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் பெண்கள் படகு அணிக்கு 68 பேர் என்ற உச்சவரம்பு வந்திருக்கிறது. முன்பிருந்த 20 முழு உதவித்தொகை என்ற வரம்பு அங்கே நீங்கிவிட்டது. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஐவி லீக் சேரவில்லை. அங்கே விளையாட்டு உதவித்தொகையும் இல்லை. 68 வந்ததால் வாக்-ஆன் இடங்கள் நெருக்கடியாகலாம். சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு பட்டியலில் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் ஒரு பந்தயமாவது ஓடினார்கள்? சென்ற ஆண்டு சேர்ந்த வாக்-ஆன்களில் இப்போதும் இருப்பவர்கள் எத்தனை பேர்? ஈஏடிஏ என்ற சட்டப்படி, அரசு நிதி பெறும் இருபாலர் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் அணியில் உள்ளவர்களின் எண்ணிக்கையையும் செலவையும் பொதுவில் வெளியிட வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறையின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த எண்ணைப் பந்தய முடிவுத்தாள்களில் வரும் பெயர்களோடு ஒப்பிட்டால் அரைமணி நேரத்தில் உண்மை விளங்கும்.

ஒரே ஒரு பந்தயத்தில் இறங்கினாலும் உங்கள் நான்கு பருவங்களில் ஒன்று கழிந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். மே மாதக் கடைசியில் யாருக்கோ உடல்நிலை சரியில்லை என்று உங்களைப் படகில் ஏற்றினால், ஏறும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரமும் புகாரும்

பருவ காலத்தில் கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணி, ஒரு நாளைக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. பந்தய நாள் 3 மணி என்று கணக்கு. பருவம் இல்லாத காலத்தில் வாரத்துக்கு 8 மணி. "விருப்பம் இருந்தால் வாருங்கள்" என்று அழைத்துவிட்டு வராதவர்களின் பெயரைக் குறித்தால் அது விருப்பப் பயிற்சி அல்ல, கட்டாயப் பயிற்சி. நாள், நேரம், என்ன செய்தீர்கள் என்று கைப்பேசியிலேயே ஒரு குறிப்பு வைத்திருங்கள்.

உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு, அடுத்த ஆண்டுக்கு அது தொடருமா என்பதை ஜூலை 1-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறைத்தாலோ நிறுத்தினாலோ விசாரணை கேட்கும் உரிமை உண்டு. அதை நடத்துவது விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழு. கடிதத்தில் அதற்கான கெடு இருக்கும், அந்தத் தேதியை முதலில் பாருங்கள். பெண்கள் அணிக்குத் தனியாக நேரும் பாகுபாடு என்றால் பல்கலைக்கழகத்தின் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளரிடம் போகலாம். அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம். பருவம் முடியட்டும், பயிற்சியாளரின் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த 180 நாள் தெரியாமலே ஓடிவிடும். அக்டோபரில் நடந்ததற்கு ஏப்ரலுக்குள் எழுதியாக வேண்டும்.